கேஸ் முடியும்வரை காத்திருக்காமல் கம்பஸ் போன அனுபவம்

பிரித்தானியாவில் அசைலம் (அகதிப் புகலிடம்) கேட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் என்னைச் சந்தித்தால் முதலில் கேட்பது இதைத்தான்: "அக்கா, கேஸ் முடியாமல் கம்பஸ் போகலாமா?" போகலாம். நான் அப்படித்தான் போனேன். ஆனால் இந்த ஒற்றைச் சொல் பதில் எனக்குக் கிடைப்பதற்குள் ஒரு முழுக் கல்வியாண்டு கைவிட்டுப் போனது, கடன் வாங்கிக் கட்டிய காசும் போனது. என்னை யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. நான் போய்க் கேட்ட இடங்களில் இருந்தவர்களுக்கே பதில் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லவும் இல்லை. இனி வருகிற பிள்ளைகளாவது அந்த அலைச்சல் இல்லாமல் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பல்கலைக்கழக அலுவலகங்களில் வேலை பார்க்கும் எங்கள் ஆட்களும் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் இது. நான் சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்குரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் கட்டணம், கடன் எல்லாம் வேறு விதிகளில் நடக்கின்றன, அங்கே இருப்பவர்கள் தனியாக விசாரியுங்கள்.

நான் இலங்கையிலிருந்து வந்தது 2017இல். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு செய்து, நல்ல பெறுபேறும் வந்து, ஊரில் கம்பஸ் கிடைக்கும் என்று இருந்த நேரத்தில் வெளிக்கிட வேண்டி வந்தது. ஏன் வெளிக்கிட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, அது எனக்கும் என் கேஸைப் பார்க்கும் சொலிசிற்றருக்கும் உள்ள விஷயம். வட இங்கிலாந்து நகரம் ஒன்றில், முன்பின் தெரியாத பெண்கள் சிலரோடு ஒரு வீட்டில் இடம் தந்தார்கள். எந்த ஊர் என்று நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. 2018இல் அரச உதவியாக வாரத்துக்குக் கிடைத்த காசு 37 பவுண் 75 பென்ஸ். சாப்பாடு, உடுப்பு, பஸ், போன் எல்லாம் அதற்குள்தான். 2024 ஜனவரியில்தான் அது 49 பவுண் 18 பென்ஸ் ஆனது. வேலை செய்ய அனுமதி இல்லை. பன்னிரண்டு மாதம் தாண்டியும் முடிவு வராவிட்டால் வேலை அனுமதி கேட்கலாம், அதுவும் அரசு பட்டியல் போட்டு வைத்திருக்கும் வேலைகளுக்கு மட்டும். உண்மையைச் சொன்னால் பசியைவிடப் பகல்தான் பெரிய கஷ்டமாக இருந்தது. காலையில் எழும்பினால் செய்ய ஒன்றும் இல்லை. என்னோடு படித்த பிள்ளைகள் கம்பஸ் முதல் வருடப் படங்களைப் போடுவார்கள், பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன். அவர்கள் மேல் எரிச்சல் வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த நிலையில் இருக்கிற யாருக்கும் வரும்.

அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் பிடிமானம் ஈசோல் ஆங்கில வகுப்பு. அசைலம் கேட்டு ஆறு மாதம் ஆகியும் முடிவு வராதவர்கள் கல்லூரியில் அரச நிதியோடு அதைப் படிக்கலாம். சேர்ந்துவிடுங்கள். நன்றாக ஆங்கிலம் தெரிந்தாலும் சேருங்கள், ஏனென்றால் இந்த நாட்டில் உங்களைத் தெரியும் என்று கடிதம் எழுதித் தரக்கூடிய முதல் ஆசிரியர் அங்கேதான் கிடைப்பார். திறந்த பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்லேர்ன் தளத்தில் இலவசமாகப் படிக்கக்கூடிய பாடங்களும் நிறைய உண்டு. நான் உயிரியல் பாடங்கள் சிலவற்றை அதில் முடித்து, சான்றிதழ்களைச் சேர்த்து வைத்தேன். அவை பெரிய தகுதி ஒன்றும் இல்லை. ஆனாலும் பிறகு விண்ணப்பத்தில் "இந்த இரண்டு வருடமும் என்ன செய்தீர்கள்" என்ற கேள்வி வந்தபோது காட்டுவதற்குக் கையில் ஏதோ இருந்தது.

விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டிய தாள் ஒன்று இருக்கிறது. அசைலம் கேட்டவர்களுக்கு 'பெயில் 201' என்ற படிவம் தருவார்கள். பெயில் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஏதோ குற்றம் செய்ததற்காகத் தருவதல்ல அது. அதில் நிபந்தனைகள் எழுதியிருக்கும்: எங்கே தங்க வேண்டும், எப்போது போய்க் கையெழுத்திட வேண்டும், வேலை செய்யலாமா, படிக்கலாமா. என் தாளில் படிப்புக்குத் தடை இருக்கவில்லை. என்னோடு அதே வீட்டில் இருந்த ஒரு பிள்ளையின் தாளில் இருந்தது, அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அசைலம் கேட்டுக் காத்திருப்பவர்களுக்குப் பொதுவாகப் படிப்புத் தடை போடக் கூடாது என்று 2018இல் குடிவரவைப் பார்க்கும் அரச அமைச்சான ஹோம் ஒஃபிஸின் வழிகாட்டலே மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே உங்கள் தாளில் அப்படி ஒரு வரி இருந்தால் அதோடு ஆசையை விட்டுவிடாதீர்கள். சொலிசிற்றரிடம் காட்டி, எழுதி மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அப்படித்தான் மாற்றிக் கிடைத்தது. மாறிய தாளைப் பல்கலைக்கழகத்திடம் காட்ட வேண்டி வரும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் விண்ணப்பத்துக்கு வருகிறேன். நகர நூலகத்துக் கணினியில் இருந்துதான் போட்டேன். ஒரு மணித்தியாலம் தருவார்கள், நேரம் முடிந்ததும் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். படிவத்தில் கடவுச்சீட்டு இலக்கத்துக்கு ஒரு பெட்டி. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. என் கடவுச்சீட்டு அசைலம் கேட்டபோதே போய்விட்டது. கையில் இருந்தது படமும் பெயரும் பிறந்த திகதியும் போட்டு அசைலம் கேட்டவர்களுக்குத் தரும் ஏஆர்சி கார்ட் மட்டும்தான். விசா வகை என்ற பெட்டியை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும்: மாணவர் விசா, வேலை விசா, குடும்ப விசா, மற்றவை. 'மற்றவை'யை அழுத்தினால் விசா முடியும் திகதி என்ன என்று கேட்கும். விசாவே இல்லாத நான் முடியும் திகதிக்கு எங்கே போவேன்? திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோதே நேரம் முடிந்து திரை பூட்டிக்கொண்டது. நிரப்பியதெல்லாம் அழிந்தது. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அழுதேன். என்னைப் போல ஒரு ஆள் விண்ணப்பிப்பாள் என்று அந்தப் படிவத்தைச் செய்தவர்களில் ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பிறகு மின்னஞ்சலில் விளக்கம் எழுதி ஒருவாறு விண்ணப்பத்தை ஏற்க வைத்தேன். அடுத்து வெளிநாட்டு மாணவர் பிரிவிலிருந்து பதில் வந்தது: வைப்புப் பணம் கட்டுங்கள், வங்கிக் கணக்குச் சான்று அனுப்புங்கள், மாணவர் விசாவுக்கான சிஏஎஸ் இலக்கம் தருவோம் என்று. இந்த இடத்தைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் அதிகமான பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். அசைலம் கேட்டிருப்பவருக்கு மாணவர் விசா தேவையில்லை. ஆகவே சிஏஎஸ்ஸும் தேவையில்லை. பல்கலைக்கழகம் பார்க்க வேண்டியது உங்கள் கேஸ் நிலுவையில் இருக்கிறதா, படிப்புத் தடை இல்லையா என்ற இரண்டையும்தான். இதை நான் சொன்னபோது அனுமதிப் பிரிவு என்னைக் கட்டணப் பிரிவுக்கு அனுப்பியது, கட்டணப் பிரிவு வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு அனுப்பியது, அங்கிருந்து திரும்பவும் அனுமதிப் பிரிவுக்கு. ஒவ்வொரு பதிலுக்கும் வாரக்கணக்கில் ஆனது. எல்லாரும் மரியாதையாகத்தான் எழுதினார்கள். ஆனால் ஒருவர்கூட போனை எடுத்து அடுத்த பிரிவில் இருப்பவரோடு கதைக்கவில்லை.

கடைசியில் வந்த கடிதத்தில் கட்டணம் வருடத்துக்கு 15,000 பவுணுக்கு மேல் என்று இருந்தது. அந்த நேரம் உள்நாட்டு மாணவருக்கு 9,250. அகதி அந்தஸ்து கிடைத்தவருக்கு உள்நாட்டுக் கட்டணமும் அரச மாணவர் கடனும் உண்டு. முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு இங்கிலாந்தில் அந்தக் கடன் கிடையாது, கட்டணமும் வெளிநாட்டு மாணவருக்குரியதுதான் என்று கணக்கில் எடுப்பார்கள். "சட்டம் அப்படி, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று எழுதியிருந்தார்கள். நான் அதை அப்படியே நம்பினேன். பிறகுதான் தெரிந்தது, கட்டணம் பற்றிய 2007ஆம் ஆண்டு விதிகள் வெளிநாட்டு மாணவரிடம் கூடுதலாக வாங்க பல்கலைக்கழகத்துக்கு அனுமதி தருகின்றனவே தவிர, வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. குறைக்கலாம், முழுதாகத் தள்ளுபடியும் செய்யலாம். அது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிற விஷயம். ஆகவே கட்டணக் கடிதம் வந்தால் அதை முடிவு என்று எடுக்காதீர்கள். "அசைலம் கேட்டிருப்பவர்களுக்கு உங்களிடம் கட்டணத் தள்ளுபடி இருக்கிறதா, உள்நாட்டுக் கட்டணத்தில் எடுப்பீர்களா" என்று நேரடியாக எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இந்த இழுபறிக்கு நடுவில் ஐஈஎல்டிஎஸ் வேறு. ஆங்கிலத் தகுதி காட்ட வேண்டும் என்றார்கள். அப்போது பரீட்சைக் கட்டணம் 160 பவுண் அளவில் இருந்தது, எனக்குக் கிடைக்கும் நான்கு வாரக் காசைவிடக் கூட. பிரான்ஸில் இருக்கும் பெரியம்மாவின் மகன் அண்ணா அனுப்பிவைத்தார், கடனாகத்தான். பரீட்சை நாள் காலையில் வாசலில் இருந்தவர் அசல் கடவுச்சீட்டுக் கேட்டார். ஏஆர்சி கார்ட்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை ஏற்க முடியாது என்றார். சொலிசிற்றரின் கடிதத்தையும் காட்டினேன், பயனில்லை. காசும் திரும்பவில்லை. அண்ணாவுக்கு இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, பரீட்சை நல்லாச் செய்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆகவே காசு கட்டும் முன் எந்த அடையாள அட்டையை ஏற்பார்கள் என்று பரீட்சை மையத்திடம் எழுதிக் கேளுங்கள். அதைவிட முக்கியம், பல்கலைக்கழகத்திடமே "வேறு வழி இருக்கிறதா" என்று கேட்பது. தாங்களே ஒரு தேர்வோ நேர்காணலோ வைத்து ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு. இரண்டாவது முறை நான் சேர்ந்த இடத்தில் மொழிப் பிரிவு ஆசிரியர் ஒருவர் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார், பிறகு கொஞ்ச நேரம் கதைத்தார். அவ்வளவுதான், ஒரு பென்ஸ் செலவில்லை.

அந்த வருடம் அப்படியே போனது. செப்டம்பர் வந்தது, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீதியில் மாணவர்கள் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். நான் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தேன். அம்மா போனில் "எப்பம்மா படிப்புத் தொடங்குது" என்று கேட்பார். "இன்னும் கொஞ்ச நாளில" என்பேன். சாப்பாடு இறங்கவில்லை, நித்திரை இல்லை. ஈசோல் ஆசிரியைதான் கவனித்து டொக்டரிடம் போகச் சொன்னார். அசைலம் கேட்டிருப்பவருக்கும் ஜிபி வைத்தியம் இலவசம், கவலை, பயம், நித்திரையின்மை போன்றவற்றுக்கும் போகலாம். இதை நான் சும்மா போகிற போக்கில் சொல்லவில்லை. படிப்புக்கு விண்ணப்பிக்கும் அலைச்சலும் கேஸும் சேர்ந்தால் மனிதரைச் சாய்த்துவிடும். யாரிடமாவது சொல்லுங்கள்.

வழி திறந்தது ஒரு சனிக்கிழமை ஆங்கிலப் பேச்சு வகுப்பில். அதை நடத்தியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள், 'ஸ்டார்' என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள். ஸ்டூடன்ட் அக்ஷன் ஃபோர் ரெஃபியூஜீஸ் என்பதன் சுருக்கம் அது, 1994இல் நொட்டிங்ஹாமில் மாணவர்களே தொடங்கியது. என்னைவிட வயது குறைந்த ஒரு பிள்ளை என் கதையைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு யாரும் சாங்சுவரி ஸ்கொலர்ஷிப் பற்றிச் சொல்லவில்லையா" என்று கேட்டாள். இல்லை, யாருமே சொல்லவில்லை. நான் ஒரு வருடமாக மின்னஞ்சல் எழுதிய அந்தப் பல்கலைக்கழகத்தில்கூட அப்படி ஒரு உதவி இருந்தது என்பதை அவள் தன் போனில் தேடிக் காட்டினாள். விண்ணப்பம் மூடி மாதங்கள் ஆகியிருந்தன. அந்த நிமிடம் எனக்கு வந்தது கோபம். இன்றைக்கும் அது முழுதாகப் போகவில்லை. மூன்று பிரிவுகளில் இருந்தவர்களில் ஒருவராவது தங்கள் இணையப்பக்கத்தையே ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

சிட்டி ஒஃப் சாங்சுவரி என்ற இயக்கம் 2005இல் ஷெஃபீல்டில் தொடங்கியது. 2007இல் ஷெஃபீல்ட் பிரித்தானியாவின் முதல் புகலிட நகரம் ஆனது. அந்த இயக்கத்தின் ஒரு கிளைதான் யூனிவர்சிட்டி ஒஃப் சாங்சுவரி. புகலிடம் தேடி வந்தவர்களை வரவேற்கும் ஏற்பாடுகள் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு அந்த அங்கீகாரம் தருகிறார்கள். அப்படிப்பட்ட இடங்களில் கட்டணத் தள்ளுபடியும், அதோடு புத்தகம், பிரயாணம் என்று கொஞ்ச உதவியும் சேர்ந்த ஸ்கொலர்ஷிப்கள் இருக்கும். இடங்கள் மிகவும் குறைவு, போட்டி அதிகம். பெரும்பாலும் முதலில் பாடநெறிக்கு அனுமதி வாங்கியிருந்தால்தான் ஸ்கொலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே இரண்டையும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். ரெஃபியூஜி எஜுகேஷன் யூகே என்ற அமைப்பு நடத்தும் டிஸ்பிளேஸ்ட் ஸ்டூடன்ட் ஒப்பர்ச்சூனிட்டீஸ் யூகே என்ற தளத்தில் இப்படியான உதவிகளைத் தேடலாம். என் காலத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகமாகத் தேட வேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் யூகாஸ் படிவத்திலும் 2023 நுழைவிலிருந்து அகதியா, அசைலம் கேட்டிருப்பவரா என்று சொல்வதற்கு ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்கள். சிலர் பயந்து அதை விட்டுவிடுகிறார்கள். சொல்லுங்கள். உதவி தேடி வருவதற்கு அது ஒரு வழி.

ஸ்கொலர்ஷிப் படிவத்தில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்ற பகுதி. அசைலம் நேர்காணலில் மணித்தியாலக் கணக்காக எல்லாவற்றையும் சொல்லி, நித்திரையில்லாமல் கிடந்து, இப்போது படிப்பதற்கும் அதே காயத்தைத் திறந்து காட்ட வேண்டுமா என்று இருந்தது. ஒரு சொலிசிற்றர் எனக்குச் சொன்ன புத்தியை உங்களுக்கும் சொல்கிறேன்: அங்கே உங்கள் கேஸை எழுத வேண்டாம். ஏன் இந்தப் பாடம், இதுவரை என்ன படித்தீர்கள், காத்திருக்கும் காலத்தில் என்ன செய்தீர்கள், காசு உதவி இல்லாமல் ஏன் முடியாது, இவ்வளவும் போதும். நடந்ததைப் பற்றி இரண்டு வரி எழுதினாலும் அது அசைலம் வாக்குமூலத்தோடு பொருந்த வேண்டும், ஆகவே அனுப்பும் முன் சொலிசிற்றரிடம் ஒருமுறை காட்டுங்கள். பல்கலைக்கழகத்தில் இந்தப் படிவங்களைச் செய்பவர்களிடம் நான் கேட்பது ஒன்று: மாணவியின் துன்பத்துக்குப் புள்ளி போடாதீர்கள். அவளுடைய உயிரியல் எப்படி என்று பாருங்கள்.

சான்றிதழ்கள் பற்றியும் சொல்ல வேண்டும். என் உயர்தரச் சான்றிதழ் ஊரில் இருந்தது. அம்மா முதலில் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார், பிறகு தெரிந்தவர் ஒருவர் கையில் அசலைக் கொடுத்துவிட்டார். இலங்கை உயர்தரத்தைப் பல பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே ஏற்கின்றன, ஆகவே தகுதி ஒப்பீட்டுச் சான்றுக்கு முதலே காசு கட்டாமல், அது தேவையா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். எல்லாம் எரிந்து, தொலைந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு: தாள் இல்லாத அகதிகளின் தகுதியையும் நியாயமாக மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்று 1997ஆம் ஆண்டு லிஸ்பன் உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு சொல்கிறது, பிரித்தானியாவும் அதில் ஒரு தரப்பு. பாட அறிவைப் பார்க்க ஒரு நேர்காணல், ஒரு சிறு பரீட்சை வையுங்கள் என்று கேட்பதில் தவறில்லை.

2019இல் ஸ்கொலர்ஷிப்போடு உயிர்மருத்துவ விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்தேன். அந்த மின்னஞ்சல் வந்த அன்று இரவு முழுக்க அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆனால் கட்டணம் தள்ளுபடியானதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. காசாக உதவி வந்தால் அதை அசைலம் உதவி தருபவர்களுக்கு அறிவிக்க வேண்டும், அதனால் வாரக் காசு குறையலாம், நிற்கவும் கூடும். ஆகவே ஸ்கொலர்ஷிப்புக்குக் கையெழுத்திடும் முன், அசைலம் கேட்டவர்களுக்கு ஆலோசனை சொல்லும் மைக்ரன்ட் ஹெல்ப் அமைப்பிடமோ சொலிசிற்றரிடமோ கேளுங்கள், எதையும் மறைக்காதீர்கள். விஷயம் தெரிந்த பல்கலைக்கழகங்கள் பஸ் பாஸ், மடிக்கணினி, புத்தகம், சாப்பாட்டு அட்டை என்று பொருளாகத் தருவது இதனால்தான். பலருக்கு வங்கிக் கணக்கும் இருக்காது. என்னோடு சேர்ந்த இன்னொரு மாணவருக்கு ஸ்கொலர்ஷிப் உதவியை எப்படிக் கொடுப்பது என்று கண்டுபிடிக்கவே அலுவலகத்துக்கு ஒரு தவணை ஆனது. இன்னொன்று: அசைலம் வீட்டை விட்டு மாணவர் விடுதிக்கு மாறினால் தங்குமிட உதவி போய்விடலாம். இருக்கும் வீட்டிலிருந்து போய் வரக்கூடிய பல்கலைக்கழகத்தை முதலில் பாருங்கள்.

நான் சேர்ந்த இடத்தில் ஒரு அம்மா இருந்தார், மாணவர் நலப் பிரிவில். அசைலம் மாணவர்களுக்குப் பொறுப்பு என்று பெயர் போட்டு நியமித்திருந்தார்கள். இந்தக் கட்டுரையில் பல்கலைக்கழகங்களுக்கு நான் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், அது இப்படி ஒருவரை நியமியுங்கள் என்பதுதான். கையெழுத்திடப் போகும் நாளில் ஆய்வுகூட வகுப்பு வந்தது, வருகைப் பதிவில் நான் வரவில்லை என்று விழுந்தது. அவர் நாளை மாற்றித் தரும்படி கடிதம் எழுதித் தந்தார், மாற்றிக் கிடைக்கும்வரை வருகைப் பதிவையும் சரிசெய்தார். என்னை வேறு நகரத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று ஒரு கதை வந்தபோது, நான் முழுநேர மாணவி என்று உறுதிப்படுத்தி எழுதினார். அப்படிக் கடிதம் எழுதினால் கட்டாயம் நிற்கும் என்று சொல்ல முடியாது, எனக்கு நின்றது. 2020 மார்ச்சில் எல்லாம் இணையவழி ஆனபோது எங்கள் வீட்டில் வைஃபை இல்லை. போன் டேட்டாவில் ஒரு விரிவுரை பார்த்தால் வாரத்துக்குரியது முடிந்துவிடும். ஒரு மின்னஞ்சல்தான் போட்டேன், சில நாளில் மடிக்கணினியும் டேட்டா டொங்கிளும் வீட்டு வாசலுக்கு வந்தன. அவர் பெரிய பதவியில் இருந்தவர் இல்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர், அவ்வளவுதான். அப்படி ஒருவர் இருந்தால் இணையப்பக்கத்தில் அவருடைய பெயரும் போன் இலக்கமும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். படிவத்தில் கடவுச்சீட்டுப் பெட்டியைக் கட்டாயம் என்பதிலிருந்து எடுத்துவிடுங்கள், விசாப் பட்டியலில் 'அசைலம் கேட்டிருப்பவர்' என்று ஒரு வரியைச் சேருங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. உலகளவில் அகதி இளையோரில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் 7 சதவீதம்தான் என்று 2024இல் சொன்னது ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யூஎன்எச்சிஆர், 2030க்குள் அதை 15 ஆக்க வேண்டும் என்பது இலக்கு. அந்த எண்ணிக்கை இப்படியான சின்னச் சின்ன இடங்களில்தான் கூடும், குறையும்.

அவரிடம் நான் மதித்த இன்னொன்று, படத்துக்கு நிற்கச் சொல்லிக் கேட்டபோது எனக்காக மறுத்தது. ஸ்கொலர்ஷிப் பெற்றவர்களை வைத்துப் படம் எடுத்துப் போட விளம்பரப் பிரிவு விரும்பியது. ஊரில் குடும்பம் இருக்கிறது, என் முகமும் பெயரும் இணையத்தில் வந்தால் அவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத்தான் தெரியும். உதவி வாங்கியதற்காக நன்றிக்கடனாக முகத்தைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. விருப்பமில்லை என்று சொல்லலாம், அதனால் ஸ்கொலர்ஷிப் போகக் கூடாது.

பாடம் தெரிவு செய்யும்போதும் யோசியுங்கள். ஒரு வருட வேலைப் பயிற்சி சேர்ந்த பாடநெறியில் வேலை அனுமதி இல்லாதவருக்கு அந்த வருடம் சிக்கல். என் பாடநெறியில் அது விருப்பத்துக்குரியது, ஆகவே விட்டேன். மருத்துவம், தாதியர் போன்று வைத்தியசாலைப் பயிற்சி கட்டாயமான படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, உங்கள் நிலையில் அந்தப் பயிற்சி செய்ய முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். இடையில் கேஸ் நிராகரிக்கப்பட்டால் ஸ்கொலர்ஷிப் என்ன ஆகும், தொடங்கிய வருடத்தை முடிக்க விடுவார்களா என்பதையும் சேரும் முன் கேட்க வேண்டும். கேட்கவே பயமான கேள்வி அது, எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஊரில் விரிவுரையாளராக, ஆய்வாளராக இருந்து வந்தவர்கள் காரா என்ற அமைப்பைத் தொடர்புகொள்ளுங்கள். ஹிட்லர் காலத்தில் துரத்தப்பட்ட பேராசிரியர்களுக்கு உதவ வில்லியம் பெவரிஜ் முன்னின்று 1933இல் தொடங்கியது, இன்றும் ஆபத்தில் இருக்கும் கல்வியாளர்களுக்கு உதவுகிறார்கள்.

இறுதி வருடம் தொடங்கும் முன் எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. சந்தோஷத்தோடு சேர்ந்தே வந்த நெருக்கடியை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அசைலம் வீட்டைக் காலி செய்ய எனக்குத் தந்தது 28 நாள், வாரக் காசும் அதோடு நிற்கும். இந்தக் கால அளவை இடையில் கூட்டியும் குறைத்தும் இருக்கிறார்கள், உங்களுக்கு வரும் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடிதம் கிடைத்த அன்றே செய்ய வேண்டியவை: மாணவர் நலப் பிரிவுக்கு அறிவித்து அவசர நிதியும் விடுதியில் இடமும் கேட்பது, கட்டணப் பிரிவுக்கு எழுதி உங்கள் கட்டண நிலையைத் திரும்பப் பார்க்கச் சொல்வது, மாணவர் கடனுக்கு விண்ணப்பிப்பது. கடன் எந்தத் தவணையிலிருந்து கிடைக்கும் என்பது அந்தஸ்து கிடைத்த திகதியைப் பொறுத்தது, ஆகவே அந்தக் கடிதத்தின் பிரதியை எல்லா மின்னஞ்சலோடும் இணையுங்கள். இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் அடுத்த செப்டம்பருக்கு இப்போதே தொடங்குங்கள், வசந்த காலத்திலேயே பல ஸ்கொலர்ஷிப்கள் மூடிவிடும். முதல் மின்னஞ்சலில் நீங்கள் அசைலம் கேட்டிருப்பவர், மாணவர் விசா தேவையில்லை, படிப்புத் தடை இல்லை, சாங்சுவரி ஸ்கொலர்ஷிப் பற்றி யாரோடு கதைக்க வேண்டும் என்ற நான்கையும் எழுதி, பெயில் தாளின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.